உப்போடைக்கு வந்த ஒரு முழ பஸ்

எங்கள் ஊர் உப்போடையில் ஒரு முழ நீளத்தில் ஒரு பஸ் இருக்கிறது, அது தினமும் காலை ஏழு பத்துக்குக் கிளம்பிப் பதினான்கு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற சாலியூருக்குப் போய் விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வருகிறது, நம்பாதவர்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம், நாங்கள் யாரையும் நம்பச் சொல்லிக் கெஞ்சவில்லை. நிறுத்தத்துக்கு எதிரே சைக்கிள் பஞ்சர் கடை வைத்திருப்பவன் நான், ஆகவே அது கிளம்பியதையும் திரும்பியதையும் என்னைவிட அதிகம் பார்த்த ஆள் கிடையாது. இந்தக் கதையில் நான் நல்லவன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவில் வந்து யாரும் எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம்.

அதற்கு முன்னால் எங்களுக்கு நிஜமான பஸ் ஒன்று இருந்தது. பன்னிரண்டு ஏ என்று பேர். அதன் கதவு மூடாது, மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும், ஓடைப் பாலத்து ஏற்றத்தில் ஆண்கள் இறங்கித் தள்ளிய நாளும் உண்டு, ஆனாலும் அதில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம், சந்தைக்குப் போனோம், கோர்ட்டுக்கும் கல்யாணத்துக்கும் எழவுக்கும் போனோம். போன ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை அது வரவில்லை, செவ்வாயும் வரவில்லை, ரோடு சரியில்லை என்று ஒருவரும் வண்டி சரியில்லை என்று இன்னொருவரும் சொல்லிக்கொண்டிருந்து, கடைசியில் வழித்தடத்தையே நிறுத்திவிட்டார்கள் என்று பத்து நாள் கழித்துத் தெரிந்தது. அதன் பிறகு எங்கள் ஊருக்கு வந்த ஒரே வண்டி பஞ்சு மில் வேன். வயசுப்பிள்ளைகளை வேலைக்கு ஏற்றிப்போக அது வாசலுக்கே வரும், ஒரு நாளும் தவறாது, அதற்கு மட்டும் எங்கள் ரோடு எப்போதும் சரியாகவே இருந்தது.

பஸ் நின்றதில் எல்லாருக்கும் கஷ்டம்தான், ஆனால் முத்துமாலை வீட்டுக்குத்தான் கழுத்தைப் பிடித்த கஷ்டம். முத்துமாலை எனக்கு மச்சான் முறை, எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்துப் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுக்கிறவன், அவன் மகள் சுபாஷினி சாலியூர் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். பஸ் நின்ற பிறகு அவள் சைக்கிளில் போனாள், சீமைக்கருவேல முள் குத்தி வாரத்துக்கு மூன்று தடவை என் கடைக்கு வந்தாள், பல நாள் இரண்டாவது மணி அடித்த பிறகு போய்ச் சேர்ந்து அரை நாள் ஆப்சென்ட் வாங்கினாள். நூற்றுக்கு எழுபத்தைந்து நாள் வருகை இல்லையென்றால் பரீட்சை எழுத விடமாட்டார்களாம். இந்தப் பரீட்சை போய்விட்டால் மில் வேன்தான் என்று அவள் அம்மா செல்லக்கனி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், காட்டு வழியில் ஒற்றைப் பிள்ளையை அனுப்பிவிட்டு அவளாலும் எத்தனை நாள்தான் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியும்.

ஆறு தடவை மனுக் கொடுத்தோம், ஆறு ரசீது வந்தது. ஏழாவது தடவை கலெக்டர் ஆபீஸுக்குப் போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாது என்று முத்துமாலை சொன்னான். அவனுக்குச் சின்ன வயசிலிருந்து ஒரு கிறுக்கு, சன்போர்டு அட்டையை வெட்டி ஒட்டி நிஜ பஸ்ஸைப் போலவே சின்ன பஸ் செய்வது, அதே கிறுக்குப் பிடித்த ஆட்கள் மாநிலம் முழுக்க இருக்கிறார்கள், அவர்களுக்கென்று வாட்ஸப்பில் ஒரு கூட்டமும் இருக்கிறது. பன்னிரண்டு ஏ-வை இருபத்துநாலில் ஒரு பங்காகச் செய்து கலெக்டர் மேஜையில் வைத்து, எங்களிடமிருந்து எடுத்துக்கொண்ட பொருள் இதுதான், திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கப்போவதாகச் சொன்னான். நாங்கள் சிரித்தோம். ஆனாலும் வேறு யோசனை எங்களிடம் இல்லை.

உடம்பு பதினைந்து நாளில் முடிந்துவிட்டது, எழுத்துகளுக்குத்தான் ஒரு மாதம் ஆனது. அவ்வளவு சின்ன எழுத்தைத் தூரிகையால் எழுத முடியாது, கடை ஸ்டிக்கரை ஒட்டினால் காயத்துக்குப் போட்ட பிளாஸ்திரி மாதிரி தடித்துத் தெரியும், ஆகவே அந்த வாட்ஸப் கூட்டத்துக்குள் டீகால் என்றும் எங்கள் ஊரில் தண்ணீர் ஸ்டிக்கர் என்றும் சொல்கிற ஒன்றை அவனே வீட்டில் அச்சடித்தான். அதற்கென்று தபாலில் வருகிற ஒரு தாள், மகளின் புராஜெக்டுக்காக வாங்கிய பிரிண்டர், அச்சடித்து ஒரு நாள் காயவைத்து, மை தண்ணீரில் கரையாமலிருக்க மூன்று தடவை வார்னிஷ் தெளித்து, எழுத்தெழுத்தாக வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிஷம் போட்டால் தாள் தனியாகவும் மேலே இருக்கிற சவ்வு தனியாகவும் கழன்றுவிடும், அந்தச் சவ்வை ஈரத்தோடு நகர்த்திப் பஸ்ஸின் மேல் உட்காரவைத்து, வினிகர் தொட்டுப் படியவைத்து, எல்லாவற்றுக்கும் மேல் கடைசியாக ஒரு வார்னிஷ். அதன் பிறகு நகத்தால் சுரண்டினாலும் வராது. வீட்டுப் பிரிண்டர் வெள்ளை நிறம் அடிக்காது என்பதால், ஊர்ப் பலகையை முதலில் வெள்ளையாக அடித்துக்கொண்டு, எழுத்து இருக்கவேண்டிய இடத்தை மட்டும் வெற்றிடமாக விட்டுச் சுற்றிலும் கறுப்பை அச்சடித்தான், ஒட்டியதும் உப்போடை என்றும் சாலியூர் என்றும் வெள்ளை எழுத்து எழுந்து நின்றது.

அந்தத் தாள் விலை கூடுதல், ஒரு தடவை பிரிண்டருக்குள் போய் வந்தால் மறுதடவை போகாது, ஆகவே ஒரு விரற்கடை இடத்தைக்கூட வீணாக்கக் கூடாது என்பது அந்தக் கிறுக்கர்களின் சட்டம். மிச்சமிருந்த இடத்திலெல்லாம் முத்துமாலை பழைய போட்டோக்களைப் பார்த்துப் பார்த்து அந்த பஸ்ஸில் இருந்த சகலத்தையும் நிரப்பினான். நம்பர் பிளேட், கரம் சிரம் புறம் நீட்டாதீர், உட்காருவோர் ஐம்பத்திரண்டு நிற்போர் இருபது, அவசர வழி, முதலுதவிப் பெட்டி, டயருக்கு எவ்வளவு காற்று, பெர்மிட் எண், எஃப்.சி. அக்டோபர் ஒன்பது வரை. வண்டி ஓடத் தகுதியானது என்று வருஷத்துக்கொரு தடவை பார்த்துக் கொடுக்கிற அந்த எஃப்.சி. தேதி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். இதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டேன். யாரும் பார்க்க வேண்டாம், இடம் வீணாகக் கூடாது என்றான்.

ஆகஸ்ட் கடைசித் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸுக்குப் போக ஊரே நிறுத்தத்தில் கூடி லோடு ஆட்டோவுக்காக நின்றது. பேப்பர்க்காரர் ஒருவர் போட்டோ எடுக்க வேண்டும் என்றதால், நிஜ பஸ் வழக்கமாக நிற்கிற இடத்தில், வேப்பமரத்துக்குக் கீழே, முத்துமாலை தன் பஸ்ஸைத் தரையில் இறக்கி வைத்தான். மணி ஏழு பத்து. பஸ் ஒரு தடவை ஹார்ன் அடித்தது, கொசு காதுக்குள் போனால் எவ்வளவு சத்தமோ அவ்வளவு சத்தம், பிறகு கிளம்பிப் போனது. நாங்கள் அதன் பின்னால் போனோம். லோடு ஆட்டோ வந்து ஆளில்லாமல் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது, அன்றைக்குக் கலெக்டர் ஆபீஸுக்கு உப்போடையிலிருந்து ஒருவரும் போகவில்லை, அதற்குப் பிறகும் போகவில்லை.

எப்படி ஓடியது, உள்ளே என்ன வைத்தான் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் அட்டை. காரணம் கேட்கிற பழக்கம் எங்களுக்கு எப்போதுமே கிடையாது, ரோடு ஏன் வரவில்லை, தண்ணீர் ஏன் வரவில்லை என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்தவர்கள் நாங்கள், வந்த ஒன்றைப் பார்த்து ஏன் வந்தாய் என்று கேட்போமா. அளவு இருபத்துநாலில் ஒரு பங்கு என்பதால் வேகமும் அதற்கேற்றபடிதான் இருந்தது, மேய்ந்துகொண்டே நடக்கிற மாட்டின் வேகம், சாலியூர் போய்ச் சேர மதியம் ஒரு மணி ஆகும். ஒரு கூழாங்கல் தடுக்கினால் கவிழ்ந்துவிடும். ஆகவே ஊர்க்கூட்டம் போட்டு வீட்டுக்கொரு முறை என்று வைத்து, முறைக்காரர் தினமும் விளக்குமாற்றோடு பஸ்ஸுக்கு முன்னால் பெருக்கிக்கொண்டே போக வேண்டும் என்று முடிவு செய்தோம். இருபது வருஷமாக ஒரு குழியை மூட முடியாதவர்கள், சக்கரத்தடம் இரண்டையும் கண்ணாடி போல வைத்திருந்தோம்.

ஆட்டைக் கட்டிப்போட்டோம், நாயைக் கட்டிப்போட்டோம், கோழியைக் கூடையால் கவிழ்த்தோம். மழை தூறினால் பஸ்ஸுக்குக் குடை பிடித்துக்கொண்டு ஒருவர் கூடவே நடந்தார். பெண்கள் பூக்கட்டி நெற்றிக்கு வைத்தார்கள், கண் படாமலிருக்க ஒரு எலுமிச்சங்காய் கட்டப்போய் அது பஸ்ஸைவிடக் கனமாக இருந்ததால் ஒரே ஒரு மிளகாயைக் கட்டினார்கள். சாலியூருக்குப் போக வேண்டியவர்கள் பஸ்ஸோடு கூடவே நடந்து போனார்கள், பதினான்கு கிலோமீட்டர், வேலை முடிந்ததோ இல்லையோ பஸ் திரும்புகிற நேரத்துக்கு அதோடு நடந்து திரும்பினார்கள், கால் வீங்கிப்போய் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, பஸ்ஸில் போய்வந்தேன் என்றுதான் சொன்னார்கள். பக்கத்து ஊர் வல்லக்குளத்துக்கு எந்த அளவிலும் பஸ் கிடையாது. அந்த ஊர்க்காரர்களைப் பார்க்கிறபோது எங்களுக்கு உள்ளுக்குள் ஒரு குளுமை, அதை மறைத்துச் சொல்ல மாட்டேன்.

சுபாஷினி மட்டும் சைக்கிளில்தான் போனாள். ஏழு பத்து பஸ்ஸோடு நடந்தால் அவள் போய்ச் சேரும்போது மதியச் சாப்பாட்டு மணி அடித்திருக்கும். பெருக்கிப் பளபளவென்று வைத்திருந்த சக்கரத்தடத்தில் சைக்கிள் ஏறக் கூடாது என்று கூட்டத்தில் முடிவாகியிருந்ததால் அவள் ஓரத்து முள்ளில்தான் ஓட்ட வேண்டியிருந்தது, முன்பு வாரத்துக்கு மூன்று தடவை வந்தவள் இப்போது தினமும் என் கடைக்கு வந்தாள்.

செப்டம்பர் நடுவில் போக்குவரத்து ஆபீஸிலிருந்து கிருபாகரன் என்று ஒரு ஆய்வாளர் வந்தார். நல்ல மனுஷன்தான், அதிர்ந்து பேசமாட்டார். நாங்கள் முன்னே கொடுத்த ஆறு மனுவும் ஒருவழியாக மேலே போய், உப்போடைக்கு மறுபடி பஸ் விட உத்தரவு டைப் அடித்தாகிவிட்டதாம், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஊரில் பஸ் இல்லை என்பதை நேரில் பார்த்து எழுத வேண்டியது ஒன்றுதான் பாக்கி, அதற்காக வந்தார். வந்தவர் ஏழு பத்துக்கு பஸ் கிளம்புவதைப் பார்த்தார். வாட்சைப் பார்த்தார். மறுநாள் மறுபடி வந்து, கைக்குட்டையைத் தரையில் விரித்துக் குப்புறப் படுத்து, பூதக்கண்ணாடியால் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். நம்பர் சரி, பெர்மிட் சரி, இருக்கை எண்ணிக்கை சரி, முதலுதவிப் பெட்டி சரி, எஃப்.சி. இன்னும் இருக்கிறது. அவர் கையிலிருந்த படிவத்தில் இருபத்துமூன்று கட்டம் இருந்தது, பஸ்ஸின் நீளம் என்ன என்று கேட்கிற கட்டம் அதில் இல்லை.

முத்துமாலை முன்னால் வந்து நின்றான். ஒரு மாதம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு ஒட்டிய எழுத்துகள் ஒவ்வொன்றும் தனக்கு எதிராகச் சாட்சி சொல்வதைப் பார்த்த முகம் அது.

“சார், இதுல மனுஷன் ஏற முடியாது,” என்றான்.

“தெரியுது. ஏற முடியலைன்னு ஊர்ல யாராவது ஒருத்தர் எழுதிக் குடுக்கட்டும், இப்பவே சேத்துக்கிடுதேன். நீங்களும் உங்க வீட்டு ஆளுகளும் எழுதக்கூடாது, வண்டி செஞ்சது நீங்க.”

அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். நூறு பேருக்கு மேல் நின்றோம். எழுதினால் பஸ்ஸை நிறுத்திவிடுவார்கள், நிஜ பஸ் வரும் வரும் என்று சொல்லி வராமல் போனால் இதுவும் போய் அதுவும் போய் வல்லக்குளத்துக்காரன் சிரிப்பான், எல்லார் மனசிலும் இதுதான் ஓடியது. பஞ்சாயத்துத் தலைவர் பால்த்துரை தொண்டையைச் செருமிவிட்டு, எங்கள் பஸ் எங்களுக்கு நன்றாகத்தான் ஓடுகிறது என்றார். யாரோ கை தட்டினார்கள், பிறகு எல்லாரும் தட்டினோம். என் சட்டைப் பையில் பேனா இருந்தது, எழுதத் தெரியும், நானும் தட்டினேன்.

ஆய்வாளர் புறப்படும்போது சுபாஷினி அவருடைய மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் போய் நின்று, எப்போதுதான் இந்தப் பஸ் பஸ் இல்லை என்று ஆகும் என்று கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு உண்மையைச் சொன்னார். அக்டோபர் ஒன்பதோடு எஃப்.சி. முடிகிறது, தேதி முடிந்த வண்டி ஓடக் கூடாது, ஓடாமல் தொடர்ந்து பதினைந்து நாள் நின்றுவிட்டால் வழித்தடம் காலி என்று தானாக ஆகிவிடும், டைப் அடித்த உத்தரவு அப்படியே கையெழுத்துக்குப் போகும். அவள் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து நோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள், அக்டோபர் இருபத்தைந்திலிருந்து ஒரு நாள் விடாமல், ஒரு நிமிஷம் தாமதமில்லாமல் போனால் எழுபத்தைந்து வந்துவிடும். அதை என்னிடம் காட்டினாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

ஆனால் நூறு பேர் நிற்கிற இடத்தில் ரகசியம் ஏது. அக்டோபர் பிறந்ததும் பால்த்துரை நாலு பேரோடு முத்துமாலை வீட்டுக்குப் போய், தேதியை மட்டும் மாற்றி ஒரு தண்ணீர் ஸ்டிக்கர் அடித்துக் கொடுக்கச் சொல்லிக் கேட்டார், சால்வை கூடப் போர்த்தினார். முத்துமாலை சால்வையை மடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, பிரிண்டர் ஓடாது என்றான். சாலியூர் ஃபிளெக்ஸ் கடையில் கொடுத்து ஒரு ஸ்டிக்கர் அடித்துக்கொண்டு வந்து ஒட்டினோம், பத்தாம் தேதி காலை ஏழு பத்துக்குத் தேங்காய் உடைத்தோம், பஸ் அசையவில்லை. பதினொன்றாம் தேதியும் அசையவில்லை. வேப்பமரத்துக்குக் கீழே எறும்பு மொய்த்துக்கொண்டு நின்றது.

முத்துமாலையை யாரும் அடிக்கவில்லை, திட்டக்கூட இல்லை, அந்த மாதிரி ஊர் இல்லை எங்கள் ஊர். அவனிடம் மோட்டார் கொண்டுபோவதை நிறுத்தினோம், அவ்வளவுதான். செல்லக்கனி குழாயடிக்கு வந்தால் மற்ற பெண்கள் குடம் நிறைந்ததோ நிறையவில்லையோ எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். ஒரு நாள் விடிந்தபோது அவன் வாசலில் ஒரு விளக்குமாறு கிடந்தது, மறுநாள் பத்துக் கிடந்தது, அதற்கு மறுநாள் பஸ் பெருக்கிய வீட்டு விளக்குமாறு எல்லாம் கிடந்தது, வாசலில் விளக்குமாற்றைப் போடுவதற்கு எங்கள் பக்கம் என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டு விளக்குமாறும் அதில் இருந்தது. உன் ஒரு பிள்ளைக்காக ஊர் பஸ்ஸை நிறுத்துவாயா என்று அவனிடம் ஒருவரும் கேட்கவில்லை, அவனுக்குக் கேட்டிருக்கும். உள்ளூரில் வேலை இல்லாமல் போனதால் இருபதாம் தேதி அவன் மூன்று நாள் வேலையாக, பருத்தியில் கொட்டை பிரிக்கிற ஒரு ஜின்னிங் ஃபேக்டரிக்கு வெளியூர் போனான்.

நின்றதிலிருந்து பன்னிரண்டாவது நாள், இருபத்தொன்றாம் தேதி காலை, சுபாஷினி இரண்டு டயரும் இறங்கிப்போன சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் கடைக்கு வந்தாள். அன்றைக்கு அவளுக்கு கிளாஸில் ஏதோ டெஸ்ட், கையில் பேனாவும் ஸ்கேலும் வைத்திருந்தாள். எதிரே நிறுத்தத்தில் பால்த்துரையும் ஆறேழு பேரும் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் டியூபைக் கையில் எடுத்தேன், அது அன்றைக்குத்தான் பிரித்த புது டியூப், நிறைய இருந்தது.

“சொல்யூஷன் தீந்துபோச்சு தாயி,” என்றேன்.

அவள் டியூபைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “சரி மாமா,” என்றாள். சைக்கிளைத் திருப்பித் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அரை மணி நேரத்தில் அவள் நிறுத்தத்துக்கு நடந்து வந்து, என்ன தேதி போட வேண்டும் என்று பால்த்துரையிடம் கேட்டாள். சட்டப்படி ஒரு வருஷம்தான் என்றார் ஒருவர், யார் கேட்கப்போகிறார்கள் ஐந்து வருஷம் போடு என்றார் இன்னொருவர். அவள் வீட்டுக்குத் திரும்பிப் போனாள். அன்றைக்கு அச்சடித்தாள், மறுநாள் காய்ந்ததும் வார்னிஷ் தெளித்தாள், சாயங்காலம் ஒரு கிண்ணம் வெந்நீரும் இடுக்கியும் தூரிகையும் எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்கு வந்து, எங்கள் தடித்த ஸ்டிக்கரைப் பிய்த்தெறிந்துவிட்டு, பழைய தேதியின் மேல் ஒரு சொட்டு வெள்ளை பெயிண்ட் வைத்து ஊதிக் காயவைத்து, அடுத்த வருஷத்துத் தேதியை நகர்த்தி உட்காரவைத்தாள். பிறகு ஒரு கவரைப் பால்த்துரையிடம் நீட்டினாள். தாளில் மிச்சமிருந்த இடம் வீணாகக் கூடாது என்று அடுத்த நாற்பது வருஷத்துக்கும் வருஷத்துக்கொரு தேதியாக அச்சடித்து, வார்னிஷ் போட்டு, வெட்டி அடுக்கியிருந்தாள்.

“இனிமே எங்கப்பா வாசலுக்கு யாரும் வராதீங்க,” என்றாள்.

இருபத்துமூன்றாம் தேதி காலை ஏழு பத்துக்கு பஸ் ஹார்ன் அடித்துக் கிளம்பியது. திருவிழாக் கூட்டம். பெண்கள் குலவை போட்டார்கள். ஓடைப் பாலத்தைத் தாண்டும்போது எதிரே முத்துமாலை தோளில் பையோடு நடந்து வந்துகொண்டிருந்தான், ஃபேக்டரி வேலை முடிந்திருந்தது போல. அவன் பஸ்ஸைப் பார்த்தான், குனிந்து தேதி இருந்த இடத்தைப் பார்த்தான், அது யார் ஒட்டிய ஒட்டு என்று அவனுக்குத் தெரியாதா, பிறகு ஓரமாக விலகி முள்ளுக்குள் நின்று வழிவிட்டான். கூட்டம் அவனைக் கடந்து போனது. நான் அவன் பக்கத்தில் வந்தபோது என் கையைப் பிடித்தான்.

“இன்னும் ரெண்டு நாள்தான மச்சான் இருந்துச்சு,” என்றான்.

அவன் அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் நிஜமாகவே கணக்குக் கேட்கிற மாதிரி, நான் ஏதோ அவன் எண்ணிக்கையைத் திருத்திவிடுவேன் என்கிற மாதிரி, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டு நான் கூட்டத்தோடு போய்விட்டேன்.

ஆய்வாளர் மறுபடி வரவில்லை, வரவேண்டிய அவசியமும் இல்லை. டைப் அடித்த உத்தரவு வல்லக்குளத்துக்கு மாற்றப்பட்டது என்று பிறகு கேள்விப்பட்டோம், அந்த ஊருக்கு இப்போது நிஜ பஸ் போகிறது. நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

அடுத்த திங்கட்கிழமை பெருக்குகிற முறை எனக்கு. ஊரைத் தாண்டி ஒரு கிலோமீட்டர் போயிருப்பேன், பின்னால் பஸ் வந்துகொண்டிருக்கிறது, அதற்குப் பின்னால் வேன் ஹார்ன் கேட்டது. மில் வேன். ஓரத்தில் போக இடமில்லாத, இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்த இடம் அது. நான் ஓடிப்போய் வேனுக்கு முன்னால் நின்று கையைக் காட்டினேன், டிரைவர் பிரேக் போட்டுவிட்டுத் தலையை நீட்டி ஏதோ கத்தினான். ஜன்னல்களில் பிள்ளைகளின் முகங்கள் தெரிந்தன, எட்டுப் பேரோ ஒன்பது பேரோ, எல்லாரும் ஒரே மாதிரி நீலச் சட்டை போட்டிருந்தார்கள், மூன்றாவது ஜன்னலில் சுபாஷினி இருந்தாள்.

அவள் கோபமாக இல்லை. கோபமாக இருந்திருக்கலாம்.

“மாமா, வழி விடுங்க. எட்டு மணிக்கு ஷிப்டு,” என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். பஸ் ஒரு கூழாங்கல்லுக்கு முன்னால் தயங்கி நின்றுகொண்டிருந்தது, நெற்றியில் மிளகாய், உள்ளே ஒருவரும் இல்லை. நான் குனிந்து அந்தக் கல்லை எடுத்து எறிந்தேன், இரண்டு தடத்தையும் பெருக்கினேன், விளக்குமாற்றை வேனுக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றேன்.

“பஸ் போகட்டும் தாயி,” என்றேன்.